ஈசியூ கோப்பில் செக்சம் திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரின் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் ஈசியூவின் ஃபிளாஷ் நினைவகத்தில் நிரலும், எரிபொருள் அளவு, டர்போ அழுத்தம் போன்றவற்றுக்கான எண் அட்டவணைகளான மேப்களும் அடங்கியுள்ளன. இந்த நினைவகத்திலிருந்து படித்தெடுக்கப்படுவதே ஈசியூ கோப்பு. அவை சிதையாமல் இருக்கின்றனவா என்று ஈசியூ தானே சோதித்துக்கொள்வதற்காக, குறிப்பிட்ட முகவரிகளுக்கு இடையிலான பைட்டுகளிலிருந்து கணக்கிடப்பட்ட ஓர் எண் கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கப்படுகிறது, அதுவே செக்சம். மேப்பில் ஒரு பைட்டை மாற்றினாலும் அந்த எண் பொருந்தாமல் போகும். அப்போது பி0601 என்ற பிழைக்குறியீடு பதிவாகலாம். சில ஈசியூக்களில் இன்ஜின் கிளம்பவே கிளம்பாது.

ஒரு கோப்புக்கு ஒரு செக்சம்தான் என்று எண்ணுவது முதல் தவறு. பெரும்பாலான சிக்கல்கள் இங்கேதான் தொடங்குகின்றன. போஷ் நிறுவனத்தின் எம்இ7 ஈசியூ வரிசையில் பெரிய பகுதிகளுக்கான செக்சம் தவிர, சிறு பகுதிகளுக்கான செக்சம்கள் ஒரு பட்டியலாகவே இருக்கின்றன. அப்பட்டியலின் ஒவ்வொரு பதிவிலும் தொடக்க முகவரி, முடிவு முகவரி, கூட்டுத்தொகை, அதன் பிட்டுகளைத் தலைகீழாக்கிய எண் ஆகிய நான்கும் இருக்கும். கூட்டுத்தொகையை மட்டும் திருத்திவிட்டு தலைகீழ் எண்ணை விட்டுவிட்டால் அந்தப் பதிவே செல்லாததாகிவிடும். ஒரு சிறு பகுதியின் செக்சம் எழுதப்பட்டுள்ள இடம் வேறொரு பெரிய பகுதியின் கணக்குக்குள் வருமானால், சிறியதை முதலிலும் பெரியதைப் பிறகும் திருத்த வேண்டும். வரிசை மாறினால் இரண்டாவதாகச் செய்த திருத்தம் முதலாவதைக் கெடுத்துவிடும்.

செக்சம் திருத்தும் மென்பொருள் காட்டும் செய்தியை ஆராயாமல் நம்புவது அடுத்த தவறு. செக்சம் எதுவும் கண்டறியப்படவில்லை என்ற செய்திக்கும், எல்லாம் சரியாக உள்ளன என்ற செய்திக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. முன்னது, அந்த ஈசியூ வகையை மென்பொருளுக்குத் தெரியவில்லை என்பதைத்தான் பெரும்பாலும் குறிக்கிறது. ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன், வண்டியிலிருந்து படித்த மூலக் கோப்பை அப்படியே அந்த மென்பொருளில் சோதியுங்கள். அதையே தவறு என்று காட்டினால், மென்பொருள் பொருந்தவில்லை, அல்லது படித்ததில் பிழை உள்ளது, அல்லது அக்கோப்பை வேறொருவர் முன்பே மாற்றியிருக்கிறார். எந்தக் காரணமாக இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது. திருத்தம் முடிந்தபின், திருத்துவதற்கு முந்தைய கோப்புடன் ஒப்பிட்டுப் பாருங்கள். செக்சம் இருக்கும் இடங்களில் சில பைட்டுகள் மட்டுமே மாறியிருக்க வேண்டும். மேப்களுக்குள் புதிய மாற்றம் தென்பட்டால் அக்கோப்பை எழுதக் கூடாது. சில நிமிடங்களே பிடிக்கும் இந்த ஒப்பீட்டைப் பலர் தவிர்ப்பது வருத்தத்துக்குரியது.

திருத்துவது யார் பொறுப்பு என்பதிலும் குழப்பம் நேர்கிறது. கோப்பை ஈசியூவில் எழுதப் பயன்படும் ஃபிளாஷ் கருவிகளில் சில, எழுதும்போதே செக்சமைத் திருத்திவிடும். சில, கொடுத்ததை அப்படியே எழுதும். இதைத் தெரிந்துகொள்ளாமல் எழுதத் தொடங்க வேண்டாம். மேப் பகுதியை மட்டும் படித்த கோப்பில், செக்சம் எண் அப்பகுதிக்கு வெளியே இருக்கக்கூடும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

போஷின் இடிசி17, எம்இடி17 போன்ற பிந்தைய ஈசியூக்களில் சிஆர்சி என்ற செக்சம் வகைக் கணக்குகளோடு, இரகசியச் சாவியால் உருவாக்கப்படும் ஆர்எஸ்ஏ என்ற டிஜிட்டல் கையொப்பமும் சேர்ந்துள்ளது. சிஆர்சியை யாரும் மீண்டும் கணக்கிடலாம். கையொப்பத்தை உருவாக்கத் தேவையான இரகசியச் சாவி உற்பத்தியாளரிடம் மட்டுமே இருக்கும். எனவே இவற்றில் செக்சம் பொருந்திவிட்டது என்பதாலேயே ஈசியூ கோப்பை ஏற்கும் என்று கருதக் கூடாது. இந்தத் தொல்லைக்கு அஞ்சி, சோதிக்கும் நிரல் பகுதியையே செயலிழக்கச் செய்வதும் வழக்கத்தில் இருக்கிறது. அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் பின்னாளில் நினைவகம் உண்மையாகவே பழுதடைந்தாலும் எச்சரிக்க எதுவும் இருக்காது.

செக்சம் சரியானால் மேப்பும் சரி என்று நினைப்பது எல்லாவற்றிலும் ஆபத்தானது. அந்த எண், கோப்பு தன்னளவில் முரண்படாமல் இருப்பதை மட்டுமே காட்டுகிறது. வரம்பு மீறிய டர்போ அழுத்தத்தை எழுதி வைத்தாலும் அது பொருந்தவே செய்யும். எளிய கூட்டல் முறையில் இரண்டு எண்கள் இடம் மாறியிருந்தால்கூட வெளியே தெரியாது. இன்னொன்று: காரின் ஓபிடி என்ற பழுதறியும் இணைப்பு வழியாகப் படிக்கப்படும் சிவிஎன் எனும் மேப் சரிபார்ப்பு எண், மாற்றப்பட்ட மேப்பிலிருந்தே கணக்கிடப்படுவதால், செக்சமைத் திருத்திய பிறகும் அது மூல எண்ணிலிருந்து வேறுபட்டே இருக்கும், புகைச் சோதனையில் அதை ஒப்பிடும் இடங்களில் மாற்றம் வெளிப்பட்டுவிடும்.