இந்த ஆண்டின் சிறந்த க்ரைம் நாவல் எது? பட்டியல் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடைசி இருபது பக்கத்தை வைத்து முந்நூறு பக்க நாவலுக்கு மார்க் போடுவதுதான், வருடக் கடைசியில் வரும் க்ரைம் நாவல் பட்டியல்களில் நான் அதிகம் பார்க்கும் தவறு. கொலை செய்தது யார் என்று தெரிந்ததும் உடம்பு சிலிர்க்கிறது. அந்தச் சிலிர்ப்பு அடங்குவதற்குள் 'இந்த ஆண்டின் சிறந்த நாவல்' என்று எழுதிவிடுகிறோம். ஒரு மாதம் கழித்து அதே புத்தகத்தை எடுத்தால் பாதிக்கு மேல் நகராது.

நான் தருமபுரியில் இருந்துகொண்டு துப்பறியும் கதைகள் எழுதுகிறவன். அந்தந்த ஆண்டில் எனக்குப் பிடித்த நாவல்களைக் குறித்து வைத்து, தருமபுரியிலும் ஓசூரிலும் புத்தகத் திருவிழா நடக்கும்போது சந்திக்கிற வாசகர்களிடம் சொல்வது வழக்கம். என் பட்டியலுக்குள் வரும் நாவல் எதுவும் ஒரே வாசிப்பில் வருவதில்லை. முடிவு தெரிந்த பிறகு இன்னொரு முறை படிப்பேன். எழுத்தாளர் துப்புகளை எங்கே வைத்தார், என் கவனத்தை எப்படி வேறு பக்கம் திருப்பினார் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். 1929இல் ரொனால்டு நாக்ஸ் என்ற ஆங்கிலேய எழுத்தாளர் துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகள் எழுதினார். அவற்றில் சில இன்றைக்குப் பொருந்தாது. ஆனால், துப்பறிபவர் கண்டெடுக்கும் துப்பை அப்போதே வாசகருக்கும் காட்டிவிட வேண்டும் என்ற விதி இன்றும் அப்படியே நிற்கிறது. கடைசி அத்தியாயத்தில் அதுவரை பேச்சே இல்லாத ஒரு இரட்டைச் சகோதரன் வந்து இறங்கினால், அந்த நாவலை நான் அங்கேயே மூடிவிடுவேன்.

இன்னொரு தவறு, எல்லா நாவலையும் 'யார் செய்தது' என்ற ஒரே கேள்வியோடு படிப்பது. சஸ்பென்ஸ் நாவலில் குற்றவாளி யார் என்பது முதல் அத்தியாயத்திலேயே தெரிந்திருக்கலாம். மேஜைக்கு அடியில் வெடிகுண்டு இருப்பது அங்கே பேசிக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியாமல், பார்க்கிறவர்களுக்கு மட்டும் தெரிந்தால் அதுதான் சஸ்பென்ஸ் என்று இயக்குநர் ஹிட்ச்காக் விளக்கியிருக்கிறார். அந்த வகை நாவலைப் படித்துவிட்டு, "கொலையாளியை நான் முன்னாடியே கண்டுபிடிச்சுட்டேன்" என்று மதிப்பெண் குறைப்பது நியாயமில்லை.

சட்டமும் மருத்துவமும் சரியாக இருக்கிறதா?

இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். "கதைதானே, இதெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள்" என்று விட்டுவிடுவது பட்டியல் போடுபவர்கள் செய்யும் பெரிய சலுகை. க்ரைம் நாவலில் நடைமுறைதான் கதையின் எலும்பு. அது தவறினால் புதிர் தானாகச் சரிந்துவிடும்.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. கொலைக்கான தண்டனை பழைய 302இலிருந்து 103ஆம் பிரிவுக்குப் போய்விட்டது. சந்தேக மரணம் என்று பதிவு செய்ய, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174 என்று எழுதிக்கொண்டிருந்தது இப்போது அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194. இந்த ஆண்டு நடக்கும் கதையில் இன்ஸ்பெக்டர் "302ல கேஸ் போடுங்க" என்றால் அது பிழை. அதற்காக 302 என்று பார்த்ததும் பேனாவை எடுத்துவிடவும் கூடாது. குற்றம் 2024 ஜூலைக்கு முன் நடந்திருந்தால் பழைய சட்டப்படிதான் வழக்கு. கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் குறை சொல்ல வேண்டும்.

ஸ்டேஷனில் அடி வாங்கிக் குற்றத்தை ஒப்புக்கொள்வதோடு முடியும் நாவல்கள் இன்னும் வருகின்றன. போலீசாரிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. பழைய சாட்சியச் சட்டத்திலும் அப்படித்தான், புதிய சாட்சியச் சட்டத்தின் 23ஆம் பிரிவிலும் அப்படித்தான். அந்த வாக்குமூலத்தை வைத்து ஒரு கத்தியோ நகையோ கண்டெடுக்கப்பட்டால், அதற்கு வழிகாட்டிய பகுதி மட்டும் சாட்சியாகும். இந்த ஒரு நுணுக்கத்தை வைத்தே முழு நாவல் எழுதலாம். அடித்து வாங்கிய வாக்குமூலத்தை வெற்றியாகக் காட்டும் நாவல், அதன் நடை எவ்வளவு வேகமாக இருந்தாலும், என் பட்டியலில் ஏறாது.

கல்யாணமாகி ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாலோ, சந்தேகப்படும்படி இறந்தாலோ ஆர்.டி.ஓ. விசாரணை உண்டு. நம் ஊரில் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மருமகள் இறப்பதில் தொடங்கும் குடும்ப சஸ்பென்ஸ் நாவல்களில் பெரும்பாலும் அந்த அதிகாரி தலைகாட்டுவதே இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கை டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். சாதியைக் கருவாக எடுக்கும் நாவலில் ஒரு சப்-இன்ஸ்பெக்டரே எல்லாவற்றையும் முடிக்கிறார் என்றால், எழுதியவர் கருவை எடுத்திருக்கிறார், வீட்டுப்பாடம் செய்யவில்லை.

இரவில் பிரேதப் பரிசோதனை நடக்கும் காட்சியையும் கவனியுங்கள். சூரியன் மறைந்த பிறகும் செய்யலாம் என்று மத்திய அரசு 2021 நவம்பரில் அனுமதித்தது உண்மைதான். கொலை, தற்கொலை, சந்தேக மரணம் போன்றவற்றுக்கு அது பொருந்தாது. சட்டம் ஒழுங்கு நெருக்கடி இருந்தால் மட்டும் விலக்கு. அப்புறம், பிணத்தைத் தொட்டுப் பார்த்து "நேற்று இரவு பத்து இருபதுக்குச் செத்திருக்கார்" என்று சொல்லும் டாக்டர். அப்படி நிமிடக் கணக்கில் யாராலும் சொல்ல முடியாது. உடல் குளிர்வதை வைத்துக் கணக்கிடலாம் என்றால், மே மாதத் தருமபுரி வெயிலில் சுற்றுப்புறமே உடம்பின் வெப்பத்தை நெருங்கியிருக்கும். உடல் எங்கே குளிர? விறைப்பும் வெயில் காலத்தில் சீக்கிரம் வந்து சீக்கிரம் போகும். நல்ல எழுத்தாளர் இந்த நிச்சயமின்மையையே சஸ்பென்ஸாக மாற்றுவார்.

ஊர் பெயரை மாற்றினால் கதை மாறுகிறதா?

ஊர் வெறும் பெயர்ப் பலகையாக இருப்பதைக் கவனிக்காமல் விடுவது அடுத்த தவறு. நாவலில் ஒகேனக்கல் என்று இருப்பதை அடித்துவிட்டுக் குற்றாலம் என்று எழுதினால் ஏதாவது கெடுகிறதா என்று பாருங்கள். கெடவில்லை என்றால் அந்த நாவலில் ஊரே இல்லை.

ஒகேனக்கல்லில் ஆற்றின் இந்தக் கரை தருமபுரி மாவட்டம், அந்தக் கரை கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டம். பாறை இடுக்கில் ஒரு பிணம் சிக்கினால் அது எந்த மாநிலப் போலீசின் எல்லை? இழுத்துப் போனால் கீழே மேட்டூர் அணை, அது சேலம் மாவட்டம். எந்த எல்லையில் நடந்த குற்றமானாலும் முதலில் புகாரைப் பதிவு செய்ய வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. பதிந்த பிறகு வழக்கு யார் கைக்குப் போகும் என்ற இழுபறியே மூன்று அத்தியாயத்துக்குப் போதும். தண்ணீரில் மூழ்கிச் செத்தாரா, செத்த பிறகு போடப்பட்டாரா என்பதை எலும்பு மஜ்ஜையில் டயட்டம் என்ற நுண்பாசி இருக்கிறதா என்று பார்த்து ஆராய்வார்கள். அந்தச் சோதனையும் எல்லா நேரமும் உறுதியான பதில் தராது. பரிசல் ஓட்டுகிறவர்களுக்கு ஆற்றின் இழுப்பும் சுழலும் அத்துப்படி. துப்பறிபவர் அவர்களிடம் பேசாமல் ஒகேனக்கல் வழக்கை முடிக்கும் நாவலை எப்படி நம்புவது?

தொப்பூர் கணவாயும் அப்படித்தான். விபத்துபோல ஜோடிக்கப்பட்ட கொலை என்றதும் பலருக்கும் அந்த இறக்கம்தான் நினைவுக்கு வருகிறது. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் வண்டியை உருட்டி, பிரேக் பிடிக்காமல் போவது அங்கே நடக்கும் விபத்துகளுக்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. அது தெரிந்த எழுத்தாளர் லாரியின் கியர் எந்த நிலையில் இருந்தது என்பதைத் துப்பாக வைப்பார். தெரியாதவர் "பயங்கர வளைவு" என்று எழுதிவிட்டுப் போவார். ஓசூர்ப் பக்கம் ஜூஜுவாடியில் நிற்பவரின் செல்போன் எல்லை தாண்டி இருக்கும் டவரோடு பேச வாய்ப்புண்டு. டவர் ஒரு பகுதியைத்தான் காட்டும், வீட்டு வாசலைக் காட்டாது.

இந்த மண்ணைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அரூர் பக்கம் வாச்சாத்தியில் 1992 ஜூனில் பழங்குடி மக்களுக்கு எதிராக நடந்த கொடுமையில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர். தருமபுரி நீதிமன்றம் 269 பேரையும் குற்றவாளிகள் என்று சொன்னது 2011 செப்டம்பரில். அதற்குள் அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். சீருடை போட்டவர் வந்தாலே நியாயம் கிடைத்துவிடும், கைது செய்ததோடு எல்லாம் முடிந்துவிடும் என்ற நம்பிக்கையில் கட்டிய நாவல்களை இந்த மாவட்டத்து வாசகர் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. செத்தவரும் பாதிக்கப்பட்டவரும் ஒரு பிணமாகவோ பெயராகவோ மட்டும் இல்லாமல், ஆசையும் கோபமும் உள்ள மனிதராக வருகிறாரா என்று கேளுங்கள். என் பட்டியலில் முதல் இடத்தை நான் முடிவு செய்வது பெரும்பாலும் இதை வைத்துத்தான்.

சின்னத் தவறுகள் சில

'இந்த ஆண்டு' என்பதில் குழப்பம் வேண்டாம். புது அட்டையோடு வரும் மறுபதிப்பைப் புது நாவல் என்று சேர்த்துவிடுகிறார்கள். முதல் பதிப்பு எப்போது என்று உள்பக்கத்தில் பாருங்கள். மொழிபெயர்ப்பில் இன்னும் கவனம் தேவை. ஜப்பானில் செய்ஷி யோகோமிசோ 1946இல் எழுதியது ஆங்கிலத்துக்கு வர 70 ஆண்டுக்கு மேல் ஆனது. நீங்கள் இந்த ஆண்டு படித்தது, இந்த ஆண்டு வெளிவந்தது என்று இரண்டாகப் பிரித்துவிட்டால் சிக்கலே இல்லை.

பஸ் ஸ்டாண்ட் கடையில் தொங்கும் மாத நாவல்களைக் கணக்கிலேயே எடுக்காமல் விடுவது எனக்கு வருத்தம் தரும் பழக்கம். 1894இல் வந்த 'தானவன்' தொடங்கித் தமிழில் துப்பறியும் நாவலுக்கு நூறு ஆண்டுக்கு மேல் வரலாறு இருக்கிறது. அதைப் பெரும்பாலும் தூக்கிச் சுமந்தது மலிவு விலைப் பதிப்புகள்தான். சாணித்தாளில் அச்சடித்திருந்தாலும் புதிர் நேர்த்தியாக இருந்தால் அதற்குப் பட்டியலில் இடம் உண்டு.

கடைசியாக, பரிந்துரைக்கும்போது "க்ளைமாக்ஸில் ஒரு ட்விஸ்ட் இருக்கு" என்று கூடச் சொல்லாதீர்கள். ட்விஸ்ட் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் வாசகர் முதல் பக்கத்திலிருந்தே எல்லோரையும் சந்தேகப்பட ஆரம்பிப்பார். கதை எங்கே நடக்கிறது, யாருக்கு என்ன ஆபத்து, எந்த அத்தியாயத்தில் உங்களுக்குத் தூக்கம் போனது என்பதைச் சொன்னால் போதும். பத்து நாவல் தேறவில்லை என்றால் எண்ணிக்கைக்காகச் சுமாரானதைச் சேர்க்காமல் ஐந்தோ ஆறோ போட்டு நிறுத்திவிடுங்கள்.