நாள் தள்ளிப்போயிருக்கா? வீட்டு டெஸ்ட் முதல் பிக்மி எண் வரை

நாள் தள்ளிப்போனதுமே வீட்டில் ஆளுக்கொன்று சொல்வார்கள். முகம் வெளுத்திருக்கிறது என்பார் ஒருவர், நாடி பிடித்தாலே தெரிந்துவிடும் என்பார் இன்னொருவர். சீனியிலும் பற்பசையிலும் சிறுநீரை ஊற்றி நுரை வருகிறதா என்று பார்க்கச் சொல்லும் வீடியோக்கள் வேறு. இவை எதையும் நம்பாதீர்கள். கர்ப்பமா இல்லையா என்று தெரிந்துகொள்ள மெடிக்கல் ஷாப் கிட், தேவைப்பட்டால் ஒரு ரத்தப் பரிசோதனை, பிறகு ஒரு ஸ்கேன். இவற்றைச் சரியான நாளில் செய்தால் போதும்.

அறிகுறிகளை எவ்வளவு நம்பலாம்?

மார்பு கனத்து வலிப்பது, காரணமில்லாத அசதி, அடிக்கடி சிறுநீர் வருவது, தாளிக்கிற வாசனை பிடிக்காமல் போவது எல்லாம் உண்மையான அறிகுறிகள்தான். ஆனால் மார்பு வலியும் அசதியும் மாதவிலக்குக்கு முந்தைய வாரத்திலும் வரும். இரண்டு சமயத்திலும் உடம்பில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் கூடியிருப்பதுதான் காரணம். மசக்கை பெரும்பாலும் ஆறாவது வாரத்தையொட்டித்தான் தொடங்கும். அதனால் நாள் தள்ளிய முதல் வாரத்தில் வாந்தி இல்லையே என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

கரு உண்டாகியிருந்தால் சிலருக்கு நாள் வருவதற்குச் சற்று முன் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ லேசாகக் கறை படும். ஓரிரு நாளில் நின்றுவிடும், நாப்கின் நனையுமளவு இருக்காது. இப்படி எல்லோருக்கும் வராது.

எந்த நாளில் டெஸ்ட் செய்வது?

கரு கருப்பையில் ஒட்டிய பிறகுதான், கிட் கண்டுபிடிக்கிற எச்.சி.ஜி. ஹார்மோன் சுரக்கத் தொடங்கும். ஆரம்பத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அதன் அளவு இரட்டிப்பாகும். ஆகவே, நாள் தள்ளுவதற்கு முன்பே டெஸ்ட் செய்து "இல்லை" என்று வந்தால் அதற்குப் பெரிய அர்த்தம் இல்லை. நாள் தள்ளிய பிறகு செய்யுங்கள். ஒரு வாரம் பொறுத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டி) இருந்து மாதவிலக்கு ஒழுங்காக வராதவர்களுக்கு நாள் தள்ளியதா இல்லையா என்பதே தெரியாது. அவர்கள் கடைசியாகச் சேர்ந்த நாளிலிருந்து மூன்று வாரம் கழித்துப் பார்க்கலாம்.

கிட்டும் கோடும்

டிராப்பருடன் வரும் கேசட் வகைதான் என் தேர்வு. ப்ரெகா நியூஸ், ஐ-கேன் போன்றவை எந்த ஊர் மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்கும். விலை கூடிய டிஜிட்டல் கிட் தேவையே இல்லை. ஒன்றுக்கு இரண்டாக வாங்கி, அட்டையில் காலாவதித் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனையை இலவசமாகவே செய்வார்கள்.

காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீர்தான் நல்லது. இரவெல்லாம் தேங்கியிருப்பதால் ஹார்மோன் அடர்த்தியாக இருக்கும். அதற்கு முன் தண்ணீரை நிறையக் குடித்துவிடாதீர்கள். கவரைக் கடைசி நிமிடத்தில்தான் பிரிக்க வேண்டும். கேசட்டைச் சமமான இடத்தில் வைத்து, அட்டையில் சொன்ன அளவு, பொதுவாக மூன்று சொட்டு, வட்டக் குழியில் விடுங்கள். போனில் ஐந்து நிமிடம் டைமர் வையுங்கள்.

இனி வருவதுதான் என்னைத் தடுமாற வைத்த இடம். கிட் வேலை செய்கிறது என்று காட்டும் "சி" பக்கம் நல்ல அழுத்தமாக ஒரு கோடு, முடிவைக் காட்டும் "டி" பக்கம் இருக்கா இல்லையா என்கிற மாதிரி ஒரு மங்கல் கோடு. ஜன்னல் பக்கம் கொண்டுபோய் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாலும் முடிவுக்கு வர முடியாது. இங்கே பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, கோட்டுக்கு நிறம் இருக்கிறதா? மங்கலாக இருந்தாலும் "சி" கோட்டின் அதே நிறம் இருந்தால் பாசிட்டிவ் என்றே எடுத்துக்கொள்ளலாம். கோடு "சி" அளவுக்கு அழுத்தமாக வர வேண்டியதில்லை. இரண்டு, அது எப்போது தெரிந்தது? அட்டையில் சொன்ன நேரத்துக்குள் தெரிந்தால்தான் கணக்கு. அரைமணி நேரம் கழித்துப் பார்க்கும்போது தெரியும் நிறமில்லாத சாம்பல் கோடு, சிறுநீர் காய்ந்ததால் வந்ததாக இருக்கலாம். குப்பையிலிருந்து எடுத்து மறுபடி பார்க்கவே கூடாது.

அதனால் டைமர் அடித்ததும் போனில் ஒரு படம் எடுத்துவிட்டு கேசட்டைத் தூக்கிப் போடுங்கள். இரண்டு நாள் கழித்து இரண்டாவது கிட்டில் அதே காலை நேரத்தில் செய்து, இரண்டு படங்களையும் ஒப்பிடுங்கள். ஹார்மோன் ஏறியிருந்தால் கோடு பெரும்பாலும் அழுத்தமாகியிருக்கும். அதற்குப் பிறகும் சந்தேகம் என்றால் லேபில் பீட்டா எச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். 5-க்குக் கீழே இருந்தால் இல்லை, 25-க்கு மேல் இருந்தால் ஆம். நடுவில் வந்தால் 48 மணி நேரம் கழித்துத் திரும்பச் செய்யச் சொல்வார்கள்.

"சி" கோடே வரவில்லையென்றால் கிட் சரியில்லை, வேறொன்று எடுங்கள். "சி" மட்டும் வந்து, நாளும் வரவில்லையென்றால் ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் டாக்டரிடம் போங்கள். தைராய்டு போல வேறு காரணம் இருக்கலாம்.

டாக்டரின் வாரக் கணக்கு

இதைப் புதிதாகக் கல்யாணமானவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும், வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்ல வேண்டும். டாக்டர்கள் கரு உண்டான நாளிலிருந்து எண்ணுவதில்லை. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். பிப்ரவரி 1-ல் மாதவிலக்கு, 10-ல் கல்யாணம், மார்ச் 8-ல் ஸ்கேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் சீட்டில் ஐந்து வாரம் என்று இருக்கும். கல்யாணமாகி நான்கு வாரம்கூட முடிந்திருக்காது. இது தெரியாமல் ஒரு பெண்ணைச் சந்தேகப்பட்டுப் பேசுவது பெரிய கொடுமை. கணக்கே அப்படித்தான், அதில் எந்தத் தப்பும் இல்லை.

பிரசவ தேதியும் இதே நாளிலிருந்துதான்: ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்ட வேண்டும்.

ஸ்கேனும் பதிவும்

கிட் பாசிட்டிவ் என்றால் கரு இருக்கிறது என்று மட்டுமே அர்த்தம், எங்கே இருக்கிறது என்று அது சொல்லாது. கருக்குழாயில் தங்கியிருந்தாலும் இரண்டு கோடு வரும். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, மயக்கம், தோள்பட்டை நுனியில் வலி, ரத்தப்போக்கு என்று ஏதாவது இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால் ஸ்கேனை ஆறு, ஏழு வாரத்தில் எடுக்கலாம். ஐந்தாவது வாரமே ஓடினால் கருவைச் சுற்றியுள்ள பை மட்டும் தெரியும், துடிப்பு தெரியவில்லை என்பார்கள், வீணாக அழுதுகொண்டு திரும்புவோம். ஆனால் ஃபோலிக் அமில மாத்திரைக்கு ஸ்கேன் வரை காத்திருக்க வேண்டாம். டாக்டரையோ செவிலியரையோ கேட்டு உடனே தொடங்குங்கள். தமிழ்நாட்டில் இருந்தால் 12 வாரத்துக்குள் கிராம அல்லது நகர்ப்புற சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண்) வாங்கிவிடுங்கள். தனியார் மருத்துவமனையில் பார்த்தாலும் இது வேண்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்பார்கள்.

பின்சேர்க்கை: கோயில், கல்யாணத்துக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை எடுத்தால் டெஸ்ட் மாறுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மாறாது. மாத்திரையை நிறுத்தி ஒரு வாரமாகியும் நாள் வரவில்லையென்றால் டெஸ்ட் செய்யுங்கள்.

இன்னொன்று: குழந்தைப்பேறு சிகிச்சையில் எச்.சி.ஜி. ஊசி போட்டவர்களுக்குக் கரு இல்லாமலேயே இரண்டு கோடு வரலாம். ஊசி மருந்து உடம்பிலிருந்து வெளியேற இரண்டு வாரம் வரை ஆகும். வீட்டில் பார்க்காமல் டாக்டர் சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனைக்கே போங்கள்.