‘மீதிங்க்ஸ்’ என்றால் ‘நான் நினைக்கிறேன்’ இல்லை

ஷேக்ஸ்பியர் நாடகம் படிக்கிறீர்களா? ‘மீதிங்க்ஸ்’ (methinks) என்று வந்தால் ‘எனக்குத் தோன்றுகிறது’ என்று பொருள் கொள்ளுங்கள். ‘ஹாம்லெட்’டில் அரசி கெர்ட்ரூட் இந்தச் சொல்லைச் சொல்லும்போதும் பொருள் அதுதான். பழைய ஆங்கிலத்தில் நினைப்பதற்கு ஒரு வினை, தோன்றுவதற்கு வேறொரு வினை. ஒலி நெருங்கி இரண்டும் ‘திங்க்’ ஆகிவிட்டன. ‘மீதிங்க்ஸ்’ என்பதில் இருப்பது தோன்றும் வினை. முன்னால் உள்ள ‘மீ’ நம் ‘எனக்கு’. அதே நான்காம் வேற்றுமை! தமிழ் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு எளிது பாருங்கள்.

இறந்தகாலம் ‘மீதாட்’ (methought), அதாவது ‘எனக்குத் தோன்றியது’. ‘எனக்கு’ உள்ளேயே இருப்பதால் முன்னால் ‘ஐ’ (I, அதாவது ‘நான்’) சேர்க்கக் கூடாது. அப்புறம், இன்று இதை விளையாட்டாகத்தான் எழுதுகிறார்கள். வேலை விண்ணப்பத்தில் வேண்டாம்.