பாட்டை நேரடியாக விற்கிறீர்களா? பூட்டில்லாமல் விற்கும் முறை

காசு கொடுத்து வாங்கியவரின் கையில் இருக்கும் கோப்பு, திருட்டுப் பிரதியை இறக்கியவரின் கோப்பைவிட மட்டமாக இருக்கக் கூடாது. விலை, பூட்டு, நிபந்தனை என்று எதை முடிவு செய்தாலும் இதை வைத்து உரசிப் பாருங்கள்.

2003 ஏப்ரலில் ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடை ஒரு பாட்டை 99 சென்ட்டுக்கு விற்கத் தொடங்கியபோது அதில் டிஆர்எம் பூட்டு, அதாவது அனுமதியில்லாத கருவியில் கோப்பை ஓடவிடாத மென்பொருள் பூட்டு, இருந்தது. குறிப்பிட்ட சில கணினிகளில் மட்டுமே அந்தப் பாட்டு ஓடும். அதே பாட்டின் திருட்டுப் பிரதியோ எங்கும் ஓடியது. 2009இல் அந்தக் கடையே பூட்டைக் கைவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு மைக்ரோசாஃப்டின் எம்எஸ்என் மியூசிக் கடை, பூட்டைத் திறக்க அனுமதி தரும் தன் உரிமச் சர்வரை நிறுத்தப்போவதாக அறிவித்தது. சர்வர் நின்றால் வாங்கிய பாட்டைப் புதுக் கணினிக்கு மாற்றவே முடியாது. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் தேதியைத் தள்ளிப்போட்டார்கள். பூட்டினால் அவதிப்பட்டவர்கள் எல்லாரும் காசு கொடுத்தவர்கள்.

விலை

விலை போடும் முன் பணப் பரிமாற்றக் கட்டணத்தைக் கணக்குப் பாருங்கள். பெரும்பாலும் அதில் ஒரு சதவீதமும் ஒரு நிலையான தொகையும் சேர்ந்திருக்கும். 2.9 சதவீதமும் 30 சென்ட்டும் என்று வைத்துக்கொள்வோம். 1 டாலர் பாட்டில் கிட்டத்தட்ட 33 சென்ட் போய்விடும், கைக்கு வருவது 67. ஒரு ஆல்பத்தில் இருக்கும் எட்டுப் பாட்டையும் ஒருவர் தனித்தனியாக வாங்கினால் அவர் தருவது 8 டாலர், உங்களுக்கு வருவது சுமார் 5.37. அதே எட்டையும் ஆல்பமாக 7 டாலருக்குக் கொடுத்தால் சுமார் 6.50 வரும். கேட்பவருக்கு ஒரு டாலர் மிச்சம், உங்களுக்கும் ஒரு டாலருக்கு மேல் கூடுதல். ஆகவே ஒற்றைப் பாட்டின் விலையை அடிமாட்டு விலைக்கு இறக்குவதில் பயனில்லை. ஆல்பத்தின் விலையை இறக்குங்கள்.

விற்கும் தளத்தின் பங்கு இதற்கு மேல். கலைஞர்கள் நேரடியாக விற்கும் தளமான பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுக்கும், 5000 டாலர் விற்பனையைத் தாண்டினால் அது 10 ஆகும். கட்டணம் போக மிஞ்சும் தொகையை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி விலைக்கு வாருங்கள்.

“குறைந்தது இவ்வளவு, விரும்பினால் கூடுதலாக” என்ற முறை நன்றாக வேலை செய்யும். ஆனால் குறைந்தபட்சத்தைப் பூஜ்யமாக வைத்தால், மேலே கொடுக்க நினைத்தவரும் பூஜ்யத்தையே அடித்துவிட்டுப் போக வாய்ப்புண்டு. இலவசமாகத் தர விரும்பினால் ஒரு பாட்டை மட்டும் அப்படி வையுங்கள். வாங்கும் முன் முழுப் பாட்டையும் கேட்க விடுங்கள். 30 நொடித் துண்டு நிதானமாக விரியும் பாட்டுக்கு அநியாயம்.

கோப்பு

சுருக்கப்படாத மூல ஒலிப்பதிவான மாஸ்டர் வேவ் கோப்பிலிருந்தே எல்லா வடிவங்களையும் எடுங்கள். ஒலியில் ஒரு பகுதியை ஏற்கெனவே இழந்துவிட்ட எம்பி3யை, தரம் குறையாமல் சுருக்கும் வடிவமான ஃபிளாக்காக மாற்றி “தரம் குறையாதது” என்று விற்பது ஏமாற்று வேலை, கண்டுபிடிப்பதும் எளிது. 128 கிலோபிட் எம்பி3யில் பொதுவாக 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்திலேயே ஒலி வெட்டுப்பட்டு நிற்கும். ஒலியின் அதிர்வெண்களைப் படமாக்கும் ஸ்பெக்ட்ரோகிராம் செயலியில் போட்டால் அந்தக் கோடு பளிச்சென்று தெரியும்.

40 நிமிட ஆல்பம் சிடி தர வேவில் சுமார் 423 மெகாபைட், 320 கிலோபிட் எம்பி3யில் சுமார் 96. ஃபிளாக் பெரும்பாலும் வேவின் அளவில் 50 முதல் 70 சதவீதம் வரும். ஃபிளாக், எம்பி3 இரண்டையும் ஒரே விலையில் கொடுங்கள். கோப்புப் பெயர் பாட்டின் வரிசை எண்ணில் தொடங்கட்டும். கோப்புக்குள் விவரம் எழுதும் டேக்குகளில் ஆல்பம் கலைஞர் என்பதை நிரப்ப மறந்தால், விருந்தினர் பாடிய பாட்டுகளைப் பல பிளேயர்கள் வேறு ஆல்பமாகப் பிரித்துப் போட்டுவிடும்.

அதிகம் சொதப்புவது இறக்கும் இணைப்பில்தான். “ஒருமுறை மட்டும்” என்ற இணைப்பை மின்னஞ்சலில் அனுப்பினால், வாங்கியவருக்கு முன்பே அவருடைய அலுவலக மின்னஞ்சலின் பாதுகாப்பு வடிகட்டி அதைத் திறந்து பார்த்து, அந்த ஒரு முறையைத் தீர்த்துவிடலாம். டவுன்லோட் மேனேஜர்கள் ஒரே கோப்பைத் துண்டு துண்டாகக் கேட்கும். சர்வர் அதை நான்கைந்து முறை இறக்கியதாக எண்ணிவிடும். அதனால் எண்ணிக்கை வரம்பு வேண்டாம். வாங்கிய மின்னஞ்சலை உள்ளிட்டால் புது இணைப்பு வரும்படி செய்யுங்கள்.

கோப்பில் வாங்கியவரின் அடையாளத்தைப் பதிப்பதானால் பெயரோ மின்னஞ்சலோ வேண்டாம், விற்பனை எண் போதும். பதித்திருப்பதை வாங்கும் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். போன் திருடு போய் அதிலிருந்து பாட்டு பரவினால், பறிகொடுத்தவரையே திருடராக்கும் பதிவு அது. அதை மட்டும் வைத்து யார்மீதும் குற்றம் சாட்டாதீர்கள்.

திருட்டுப் பிரதி

எல்லாவற்றையும் துரத்த முடியாது, துரத்தவும் வேண்டாம். உங்கள் பாட்டைத் தன் பெயரில் விற்பவர் முதலில், விளம்பரம் போட்டுச் சம்பாதிப்பவர் அடுத்து, நண்பருக்குக் கொடுத்தவர் கடைசி. கடைசி ஆளை விட்டுவிடலாம், நாளை வாங்கப்போவதும் அவர்தான்.

அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டமான டிஎம்சிஏவின்படி, கோப்பு இருக்கும் தளத்துக்கு அனுப்பும் அகற்றக் கோரும் அறிவிப்பில் இவை வேண்டும்: எந்தப் படைப்பு, அது இருக்கும் துல்லியமான முகவரி, உங்கள் தொடர்பு விவரம், அனுமதியின்றி இருப்பதாக நேர்மையாக நம்புகிறேன் என்ற வாக்கியம், தகவல் சரியானது, உரிமையாளர் சார்பில் பேச அதிகாரம் உண்டு என்ற உறுதிமொழி, கையொப்பம். தளத்தின் முகப்பு முகவரியை மட்டும் கொடுத்தால் அறிவிப்பு பெரும்பாலும் கிடப்பில் விழும். கோப்பை ஏற்றியவர் மறுப்பு அனுப்பி, நீங்கள் வழக்குப் போடாவிட்டால் 10 முதல் 14 வேலை நாட்களில் கோப்பு திரும்ப ஏறும். அறிவிப்பை அனுப்பும் முன், கோப்பை ஏற்றியவர் உங்களோடு வாசித்த கலைஞரா, விமர்சனத்துக்குச் சிறு பகுதி எடுத்தவரா என்று பாருங்கள். தெரிந்தே பொய்யாகக் கோரினால் நஷ்டஈடு உங்கள் தலையில் விழலாம்.

வாங்குபவருக்கு எழுதித் தர வேண்டியது

ஒரு பக்கம், பேச்சு நடையில் போதும். தன் கருவிகள் எல்லாவற்றிலும் வைத்துக்கொள்ளலாம், காப்புப் பிரதி எடுக்கலாம், வடிவம் மாற்றலாம், வீட்டாரோடு கேட்கலாம். பொதுவெளியில் ஏற்றக் கூடாது, காணொளிக்குப் பின்னணியாக்கும் முன் உங்களிடம் அனுமதி கேட்க வேண்டும். மறுவிற்பனை பற்றியும் ஒரு வரி எழுதுங்கள். வாங்கிய பாட்டுக் கோப்புகளை மறுவிற்பனை செய்யவிட்ட ரீடிஜி தளத்தின் வழக்கில் 2018இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கோப்பை மறுவிற்பனை செய்வது உரிமை மீறல் என்றது. வாங்குபவர் பலருக்கு இது தெரியாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 நாள் திருப்பித் தரும் உரிமை உண்டு. உடனே இறக்கச் சம்மதித்து, அந்த உரிமை போகும் என்று வாங்குபவர் ஒப்புக்கொண்டால்தான் அது நீங்கும். அதற்குத் தனிக் கட்டம் வையுங்கள், அதில் முன்கூட்டியே டிக் போடாதீர்கள். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், பறிக்கப்படக்கூடிய உரிமத்தை அப்படித்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் “வாங்கு” என்ற சொல்லால் விற்கக் கூடாது. நிரந்தரமாக இறக்கி, இணையமில்லாமல் கேட்கும் கோப்புக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

கோப்பு பழுதென்றால் புதுக் கோப்பு, அதுவும் ஓடாவிட்டால் பணம் என்று எழுதுங்கள். கடையை மூடுவதானால் வாங்கிய எல்லாருக்கும் குறைந்தது 60 நாள் முன்பே மின்னஞ்சல் அனுப்பி, ஒரு வாரம் இருக்கும்போது இன்னொரு முறையும் அனுப்புங்கள்.