ஏறின கியரிலேயே இறங்குங்கள்

என் சித்தப்பா மகன் திருகோணமலையில் இருக்கிறான். பழைய ரோசா பஸ் ஒன்றை வாங்கி, ஆசனங்களைக் கழற்றிவிட்டு, இரண்டு கட்டில், ஒரு காஸ் அடுப்பு, கூரையில் ஒரு தண்ணீர்த் தாங்கி என்று வைத்து வீடு மாதிரி ஆக்கிவிட்டான். பின்னால் இரும்புச் சட்டத்தில் கொளுவிய சின்னக் கார். பஸ்ஸை ஓரிடத்தில் நிறுத்திவிட்டுக் காரில் ஊர் சுற்றலாம் என்பது அவன் கணக்கு. மட்டக்களப்பு, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று கடலோரமாக வந்தவரை ஒரு குறையும் இல்லை. அந்த ரோட்டு பாய் விரித்த மாதிரி கிடக்கும், பின்னால் கார் வருவதே மறந்துபோகும். மொனராகலை தாண்டி வெல்லவாயவுக்கு வந்ததும் எனக்கு போன் எடுத்தான்.

"அண்ணே, எல்லவுக்கு இன்னும் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. பொழுது படுமுன் ஏறிவிடலாம்தானே?"

"அசையாதே. நான் வரும்வரை அங்கேயே நில்" என்றேன்.

நான் தலவாக்கலைக்காரன். முதலில் தேயிலைக் கொழுந்து லொறி, பிறகு சுற்றுலா பஸ் என்று 26 வருடமாக இந்த மலைகளில்தான் ஓட்டுகிறேன். அன்று தம்பிக்குச் சொன்னதையும், அடுத்த நான்கு நாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக்கொடுத்ததையும் இங்கே எழுதுகிறேன். வீட்டு பஸ் என்றில்லை, கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் நீளமான வாகனம் கொண்டு மேலே வருகிற எல்லாருக்கும் இது பொருந்தும்.

முதல் வேலை, காரைக் கழற்றுங்கள். மலை தொடங்குகிற இடத்திலேயே கழற்றுங்கள். ரோசா சுமார் 7 மீட்டர். சட்டமும் காரும் சேர்ந்தால் 12 மீட்டர் ஆகிவிடும். நீளத்தையாவது சமாளிக்கலாம், பின்னால் எடுப்பதைச் சமாளிக்க முடியாது. நான்கு சில்லும் நிலத்தில் உருள இழுத்து வருகிற காரைப் பின்னோக்கித் தள்ளினால் அதன் முன்சில்லுகள் தன்பாட்டுக்கு ஒரு பக்கம் ஒடிந்துகொள்ளும், சட்டமும் வளையும். கடலோரத்தில் பின்னால் எடுக்கவேண்டிய தேவையே வராமல் போகலாம். இங்கே எதிரே ஒரு பஸ் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் எடுத்தே ஆக வேண்டும்.

இன்னொன்று, அந்தக் காருக்குத் தனியாகப் பிரேக் கிடையாது. இறக்கத்தில் அதன் எடை முழுவதும் பஸ்ஸின் முதுகில் ஏறும். ஒட்டோ கியர் கார் என்றால் சமதரையிலும் இப்படி உருட்டி இழுக்கக் கூடாது. எஞ்சின் ஓடாதபோது பல ஒட்டோ கியர்பெட்டிகளுக்குள் எண்ணெய் சுற்றாது, உள்ளே தேய்ந்து போகும்.

கழற்றிய காரைப் பின்னால் வரவிடாதீர்கள், முன்னால் அனுப்புங்கள். தம்பியின் மனைவிதான் ஓட்டினாள். அவள் இரண்டு வளைவு முன்னால் போவாள், பக்கத்தில் மகன் போனோடு இருப்பான். "பெரியப்பா, பெரிய லொறி ஒன்று வருது" என்பான். நாங்கள் அகலமான இடத்தில் ஒதுங்கி நிற்போம். அந்த நான்கு நாளும் ஒருமுறைகூட முட்டுக்கு முட்டு நிற்கவில்லை.

சரி, இனி கியர். பழைய டிரைவர்மார் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. மூன்றாம் கியரில் முக்கி ஏறிய இடமா, மூன்றில் இறங்குங்கள், சந்தேகம் இருந்தால் இரண்டில். முக்கியம் என்னவென்றால் இறக்கம் தொடங்குமுன் மேலேயே கியரை மாற்றிவிட வேண்டும். வேகம் பிடித்த பிறகு கீழ்க் கியர் விழாது. விழாத கியரைத் தேடும்போது வண்டி நியூட்ரலில் ஓடும். பெரிய விபத்துகளில் பல அந்த இரண்டு மூன்று விநாடியில்தான் தொடங்குகின்றன.

நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கண்டி 500 மீட்டர் அளவில். அந்த எடையை அவ்வளவு கீழே இறக்கும்போது பிடித்துவைக்கிற வேலையை எஞ்சின் செய்யாவிட்டால் பிரேக் செய்ய வேண்டும். பிரேக் செய்தால் அத்தனையும் சூடாக மாறும். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்காதீர்கள். வேகம் கூடினால் ஒருதரம் நன்றாக அழுத்திக் குறைத்துவிட்டு காலை எடுத்துவிடுங்கள், அது ஆறட்டும். எக்ஸோஸ்ட் பிரேக் (புகைபோகும் வழியை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைப் பிடிக்கிறது) இருந்தால் மேலேயே போட்டுவிடுங்கள். டீசல் மிச்சம் என்று எஞ்சினை நிறுத்தியோ நியூட்ரலிலோ இறக்கவே வேண்டாம். எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு உதவுகிற வேக்குவம் இரண்டு மூன்று மிதியோடு தீர்ந்துவிடும், ஸ்டேரிங்கும் கல்லாகிவிடும்.

எனக்கு இது நடந்திருக்கிறது. நான் ஓட்ட வந்து நாலாவது வருடம், இறம்பொடை இறக்கம், 25 பேர் ஏறிய வாடகை பஸ். முதலில் ஒரு வாடை வந்தது. தோசைக்கல் காய்ந்து கருகுகிற மாதிரி, கொஞ்சம் புளிப்பாக. கிளீனர் பையன், ஏதோ லயத்தில் குப்பை எரிக்கிறார்கள் என்றான். நானும் நம்பினேன். அடுத்த வளைவில் மிதித்தபோது பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது, அதற்கடுத்ததில் தரையைத் தொட்டது. மூன்றாம் கியரில் இருந்ததால்தான் இன்று இதை எழுதுகிறேன். மூன்றிலிருந்து இரண்டுக்குத் தள்ளினேன், எஞ்சின் அலறியது, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன், மலைப்பக்கத்து மண்திட்டில் பஸ்ஸின் விலாவை உரசவிட்டேன். இடது பக்கக் கண்ணாடி, ஒரு ஜன்னல், கொஞ்சம் தகரம் போனது. முன்சில்லு ரோட்டோரத் தண்ணீர்க் கானில் விழுந்து நின்றோம். ஒரு அம்மாவுக்குக் கையில் அடி, மற்ற எல்லாரும் நடந்து இறங்கினார்கள். பின்சில்லு டிரம்மிலிருந்து வெள்ளைப் புகை சுருள் சுருளாக வந்துகொண்டிருந்தது. கிளீனர் தண்ணீர் வாளியோடு ஓடினான், பிடித்து நிறுத்தினேன். கொதிக்கிற டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் அது விரிசல் விட்டுவிடும். சில்லுக்குக் கட்டை வைத்துவிட்டு ஆறவிட வேண்டும், வேறு வழி இல்லை.

காரணம் பிறகுதான் தெரிந்தது. பிரேக் ஒயில் மாற்றி எத்தனையோ வருடமாகியிருந்தது. அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். டொட் 3 என்கிற வகை ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸில்தான் கொதிக்கும், ஈரம் ஏறினால் 140 பாகையிலேயே கொதித்துவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழி. குமிழி அமுங்குமே தவிர பிரேக்கைத் தள்ளாது. அந்தப் பஞ்சு மிதிப்பு அதுதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பழைய வாகனம் வாங்கி மேலே கொண்டுவருவதென்றால் புறப்படுமுன் மாற்றிவிடுங்கள். கருகல் வாடை வந்தால் யார் என்ன காரணம் சொன்னாலும் நம்பாதீர்கள், அகலமான இடம் பார்த்து நிறுத்தி அரை மணித்தியாலம் ஆறவிடுங்கள். பிரேக் கைவிட்டே விட்டால் பள்ளத்துப் பக்கம் ஸ்டேரிங்கைத் திருப்பாதீர்கள். மண்திட்டு, கான், தேயிலைச்செடி எதுவானாலும் மலைப்பக்கம்தான்.

வளைவு எடுப்பதை எனக்குக் கற்றுத்தந்தது அப்பா. அவர் தோட்டத்தில் ட்ரக்டர் ஓட்டினார், பின்னால் கொழுந்து ட்ரெயிலர். ஃபெக்டரிக்குக் கீழே இருந்த வளைவின் உள்பக்கத்தில் ஒரு வெறும் கொழுந்துச் சாக்கை விரித்துப் போட்டு, ட்ரெயிலர் சில்லு அதில் படாமல் எடு என்பார். ட்ரக்டர் தாராளமாகப் போய்விடும், திரும்பிப் பார்த்தால் சாக்கில் டயர் தடம் இருக்கும். இரண்டு வாரம் பட்டுக்கொண்டே இருந்தது. பின்சில்லு எப்போதும் முன்சில்லைவிட உள்ளே வெட்டித்தான் வரும், வண்டி நீள நீள இன்னும் உள்ளே வரும். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் இடது கொண்டை ஊசி வளைவுதான் கஷ்டமானது. எதிரே வெறுமை என்று தெரிந்தால் கொஞ்சம் வலது பக்கம் அகட்டி, உங்கள் இருக்கை வளைவின் மூக்கைத் தாண்டும்வரை ஸ்டேரிங்கை ஒடிக்காமல் போங்கள், பிறகு முழுக்க ஒடியுங்கள். கண் இடது கண்ணாடியில் பின்சில்லை விட்டு நகரக் கூடாது. வலது வளைவில் வேறு பிரச்சினை. பஸ்ஸின் பின்வால் இடது பக்கம் வெளியே வீசும். ரோட்டோரத்தில் ஆள் நின்றால் அந்த வீச்சு அவர்களுக்குத் தெரியாது, நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த ரோட்டோரத்தில் நடப்பவர்கள் எங்கள் ஆட்கள். பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வருகிற அக்காமார் மழைக்குத் தலையில் சாக்கைப் போட்டிருப்பார்கள், ஹோர்ன் காதில் விழாது. பள்ளிக்கூடம் விடும் நேரம் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். நடைபாதை இல்லாத ரோட்டில் அவர்கள் எங்கே போவார்கள்? நின்று, அவர்கள் கடந்த பிறகு போங்கள். மறைவளைவில் ஹோர்ன் அடியுங்கள், இரவில் லைட்டைத் தட்டுங்கள். ஒடுக்கமான இடத்தில் ஏறி வருகிறவருக்குத்தான் வழி. ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பது அவருக்குக் கஷ்டம், இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும். பின்னால் பத்து வாகனம் சேர்ந்துவிட்டால் இடம் கண்ட இடத்தில் ஒதுங்கி விடுங்கள். அதில் ஒன்று ஆஸ்பத்திரிக்குப் போகிற முச்சக்கரவண்டியாகவும் இருக்கலாம்.

மலைக்கு ஏற எந்தப் பாதை? கொழும்புப் பக்கமிருந்து என்றால் அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை, ஹட்டன் வழிதான் நான் தெரிவு செய்வேன். கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை ரோட்டு அகலம்தான், ஆனால் திரும்பும்போது நீண்ட இறக்கம் என்பதை மறக்காதீர்கள். மஹியங்கனை 18 வளைவில் ரோசா வரலாம், காரைக் கொளுவிக்கொண்டு வேண்டாம். லுணுகலை, பசறை வழி அழகான வழி, நீள வாகனத்துக்கு ஒடுக்கம். நானுஓயாவிலிருந்து ரதெல்ல பக்கம் இறங்குகிற குறுக்கு வழியைப் போனில் உள்ள வரைபடம் கிட்ட என்று காட்டும். அதில் இறங்கவே இறங்காதீர்கள். பஸ், லொறிகளுக்கு அங்கே தடை. 2023 ஜனவரியில் அந்த இறக்கத்தில் பஸ்ஸும் வேனும் முச்சக்கரவண்டியும் மோதி 7 பேர் இறந்தார்கள். எல்ல, வெல்லவாய ரோட்டில் நான் ஏறுவேன், நீள வாகனத்தோடு இறங்கமாட்டேன். 2025 செப்டெம்பரில் அங்கே ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்தது. தம்பியை அதனால்தான் எல்ல வழியாக ஏற்றி, ஹட்டன் வழியாக இறக்கினேன்.

ஏறும்போது சூட்டு முள்ளைப் பாருங்கள். முள் மேலே போனால் ஏசியை நிறுத்துங்கள், ஒதுங்கி ஆறவிடுங்கள், ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள். டீசலைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

காலையில் ஓடுங்கள். பகல் இரண்டு மூன்று மணிக்குப் பிறகு நானுஓயா, இறம்பொடை, ஹப்புத்தளைப் பக்கம் பனிமூட்டம் இறங்கிவிடும். பனியில் பெரிய லைட் போட்டால் வெள்ளைச்சுவர் எழும்பும், லைட்டை டிம்மில் போட்டால் போதும். ஜன்னலை இறக்கிக் காதைக் கொடுங்கள், இடப்பக்க வெள்ளைக்கோட்டைப் பிடித்துப் போங்கள். மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், கினிகத்தேனைப் பக்கம் மழை பலமாக இருக்கும், வருடக் கடைசியிலும் தைமாதப் பக்கமும் பதுளைப் பக்கம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று மட்டத்தில் விடும். செம்மஞ்சள் என்றாலே நான் வண்டியை எடுப்பதில்லை. ரோட்டில் சின்னக் கற்கள் புதிதாக விழுந்து கிடந்தால், மண்திட்டிலிருந்து திடீரென்று சேற்றுத்தண்ணீர் வந்தால், அந்த இடத்தில் நிற்காதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, அம்புலன்ஸுக்கு 1990.

இரவு தங்குவதற்கு வெட்டிய மண்திட்டின் அடியையும் ஓடைக்கரையையும் விட்டுவிடுங்கள். நுவரெலியாக் குளிரில் தம்பி அடுப்பைப் பற்றவைத்து ஜன்னலை மூடப் பார்த்தான். உடனே நிறுத்தினேன். மூடிய பஸ்ஸுக்குள் காஸோ கரியோ எரிந்தால் காபன் மொனொக்சைட் சேரும். அதற்கு வாடை கிடையாது, தூங்கினவர் எழும்பமாட்டார். கம்பளி வாங்குங்கள், நுவரெலியா டவுனில் கடை கடையாகத் தொங்குகிறது. ஓடும்போது காஸ் சிலிண்டர் மூடியிருக்க வேண்டும்.

காலையில் கட்டையை எடுக்குமுன் எஞ்சினை ஓடவிட்டு, பெடலை மூன்று தரம் மிதித்துப் பாருங்கள். கெட்டியாக நிற்க வேண்டும். பிறகு சமதரையில் 20 அடி உருட்டி ஒருதரம் பிரேக் பிடியுங்கள். அது பிடித்தால் இரண்டாம் கியரைப் போட்டுக்கொண்டு இறங்கத் தொடங்கலாம்.