ஹெங் லாங் டைகரை நிஜமான டைகர் 131 ஆக்குவது எப்படி

ஹெங் லாங் நிறுவனத்தின் ரிமோட்டில் ஓடும் 1/16 டைகர் மாடலை (இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் டாங்கி, நிஜத்தில் பதினாறில் ஒரு பங்கு அளவில்) பெட்டியிலிருந்து எடுத்ததும் ஓட்டிப் பார்த்தால் நன்றாகத்தான் ஓடும், சத்தம் போடும், புகை விடும். ஆனால் நிஜ டைகரின் போட்டோ ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏதோ உதைக்கும். உடம்பு தூக்கிக்கொண்டு நிற்கும், சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டையான டிராக் விறைப்பாக இழுபட்டிருக்கும், ரிமோட்டின் ஸ்டிக்கைத் தொட்டதும் பந்தயக் காராகப் பாயும். பலர் இதைப் பெயின்ட் அடித்துச் சரிசெய்யப் பார்க்கிறார்கள். பெயின்ட் கடைசி வேலை. டாங்கி நிற்கிற விதமும் நகர்கிற விதமும் சரியாகிவிட்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

அதற்கும் முன்னால் ஒரு முடிவு எடுக்க வேண்டும். பொதுவாக ஒரு டைகர் செய்கிறேன் என்று இறங்காதீர்கள், குறிப்பிட்ட ஒரு வண்டியைத் தேர்ந்தெடுங்கள். 1942 ஆகஸ்டிலிருந்து 1944 ஆகஸ்ட் வரை சுமார் 1,350 டைகர்கள் தயாராயின, அந்த இரண்டு வருடத்தில் வண்டி மாறிக்கொண்டே இருந்தது. டாங்கியின் உச்சியில் கமாண்டர் வெளியே பார்க்கும் சிறு கூண்டான குப்போலா 1943 நடுவில் மாறியது. காந்தக் கண்ணிவெடி ஒட்டாமலிருக்கப் பூசிய சிம்மரிட் பூச்சு அதற்குச் சற்றுப் பின்னால் வந்தது. 1944 தொடக்கத்தில் ரப்பர் சக்கரம் போய் இரும்பு விளிம்புச் சக்கரம் வந்தது. இது தெரியாமல் கண்ணில் படுகிற அழகான பாகங்களையெல்லாம் வாங்கி ஒட்டினால், எந்த மாதத்திலும் இல்லாத ஒரு வண்டிதான் கிடைக்கும்.

நான் சொல்வது டைகர் 131. துனிசியாவில் 1943 ஏப்ரலில் பிரிட்டிஷ் படையிடம் சிக்கிய வண்டி, ஜெர்மனியின் 504-வது கனரக டாங்கிப் பட்டாலியனைச் சேர்ந்தது. இன்று இங்கிலாந்தின் பாவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் ஓடும் நிலையில் இருக்கிறது. எல்லாக் கோணத்திலும் போட்டோ கிடைக்கும் என்பதால் யூகத்துக்கு வேலையே இல்லை. இதற்கு டிரம் மாதிரி உருண்டையான பழைய குப்போலா வேண்டும், ரப்பர் சக்கரம் வேண்டும், சிம்மரிட் கூடாது. மாடல் வாங்கும்போதே இந்த மூன்றையும் பார்த்து வாங்குங்கள், பின்னால் செலவு மிச்சம்.

சரி, முதல் வேலை உயரம். நிஜ வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் இடையே 470 மில்லிமீட்டர். 16-ஆல் வகுத்தால் 29 மி.மீ. சொச்சம். மாடலைச் சமமான மேஜையில் வைத்து அளந்து பாருங்கள். பிளாஸ்டிக் உடம்பு இலேசு, அதைத் தாங்கும் ஸ்பிரிங்குகள் தேவைக்கு மேல் கடினம், அதனால்தான் தூக்கி நிற்கிறது. ஸ்பிரிங்கை மாற்றலாம், ஆனால் எடை சேர்ப்பது இன்னும் நல்லது, ஏனென்றால் மேடு பள்ளத்தில் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்குவதும் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். டயர் கடையில் வீல் பேலன்சிங்குக்கு ஒட்டுகிற எடைத் துண்டுகள் இதற்குத் தோது. டைகரில் டிராக்கை இழுக்கும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட் முன்னால் இருப்பதால் கியர்பாக்ஸும் முன்னால்தான், ஏற்கெனவே மூக்கு கனம். எடையைப் பின்பக்கம், தரையோடு தரையாக, இரு புறமும் சமமாக ஒட்டுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஒவ்வொரு முறையும் அளந்து பாருங்கள். ஈயமாக இருந்தால் வேலை முடிந்ததும் கையை நன்றாகக் கழுவுங்கள். பேட்டரியை அழுத்துகிற மாதிரி எதையும் வைக்காதீர்கள்.

அடுத்தது டிராக். எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். டைகருக்கு மேலே தாங்கு உருளைகள் கிடையாது, டிராக்கின் மேல் பாதி சக்கரங்களின் தலை மீதே படுத்திருக்கும். பக்கவாட்டுப் போட்டோவில் ஸ்பிராக்கெட்டை விட்டு டிராக் பின்னோக்கி நகரும் இடத்தைக் கவனியுங்கள். அங்கே சட்டென்று தொய்ந்து இறங்கி, முன் சக்கரங்களின் மேல் உட்கார்ந்து, அப்புறம் ஏறக்குறைய நேராக ஓடி, பின்கோடியில் டிராக்கைத் திருப்பும் ஐட்லர் சக்கரத்துக்கு முன்னால் மறுபடி லேசாக எழும். இந்தத் தொய்வு பிளாஸ்டிக் டிராக்கில் வராது, அதற்குக் கனம் போதாது. மெட்டல் டிராக் போட்டால் தன் எடையிலேயே தானாகத் தொங்கும். ஆனால் மெட்டல் டிராக் போடுகிறவர்கள் ஸ்பிராக்கெட், ஐட்லர், கியர்பாக்ஸ் மூன்றையும் சேர்த்தே மெட்டலுக்கு மாற்றிவிடுங்கள், பிளாஸ்டிக் பற்கள் அந்தப் பாரத்தை நெடுநாள் தாங்காது.

தொய்வைக் கூட்டிக் குறைக்க, நகர்த்தக்கூடிய ஐட்லர் இருந்தால் வசதி. இல்லையென்றால் டிராக் கண்ணிகளைக் கோக்கும் பின்னைத் தட்டி எடுத்து ஒரு கண்ணியைச் சேர்க்கவோ கழற்றவோ செய்யலாம். போதும் என்று தோன்றியதும் கம்பளம் மாதிரி பிடிமானமுள்ள தரையில் பின்னோக்கி ஓட்டியபடியே முழுசாகத் திருப்பிப் பாருங்கள். கழன்றுவிட்டால் தொய்வு அதிகம், சற்று இறுக்குங்கள். இன்னொன்று, டிராக்கின் முகத்தில் பனிக்கட்டியில் பிடிப்பதற்கான வரிகள் 1943 இறுதியில்தான் வந்தன. 131-க்கு வரியில்லாத டிராக் வாங்க வேண்டும்.

வேகத்தைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. 57 டன் வண்டி கரடுமுரடான நிலத்தில் மணிக்கு 20 கிலோமீட்டர் போனாலே பெரிது. அதை 16-ஆல் வகுத்தால் நொடிக்கு 35 சென்டிமீட்டர், அதாவது ஐந்து மீட்டர் கூடத்தைக் கடக்கப் பதினான்கு நொடி. அதிக வேகக்குறைப்பு உள்ள கியர்பாக்ஸ் வாங்கினால், ஸ்டிக்கை முழுக்கத் தள்ளினாலும் பாயாது, எடை சேர்த்த வண்டியை இழுக்கும் பலமும் கிடைக்கும். மேலே பீரங்கியோடு சுழலும் கூடான டரட்டும் அப்படியே. நிஜ வண்டியில் டரட்டைச் சுற்றும் சக்தி இன்ஜினிலிருந்து வந்தது, மெதுவான கியரில் ஒரு முழுச் சுற்றுக்கு ஒரு நிமிடம் பிடிக்கும். மாடலில் பொம்மை வேகத்தில் சுழல்வதைக் குறைத்துப் பாருங்கள், பார்க்கிறவர்கள் கண்ணுக்கு வண்டியே பெரிதாகத் தெரியும்.

இனி உடம்பு. பீரங்கிக் குழாயின் நீளவாக்கில் அச்சுக்கோடு இருந்தால் நைஸ் உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து எடுங்கள். வாய் விட்டம் 88 மி.மீ. என்றால் மாடலில் ஐந்தரை மி.மீ. வரும். மாடலின் 6 மி.மீ. குண்டு சுடும் குழாய் வாய் இதற்கு ஏறத்தாழ ஒத்துப்போகும், அதை மாற்றத் தேவையில்லை. குழாயைச் சுற்றியுள்ள கவசம் வார்ப்பு எஃகு, சொரசொரப்பாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் ஒட்டும் திரவத்தைத் தடவி, இளகியதும் முரட்டுத் தூரிகையால் குத்திக்குத்தி விடுங்கள். மற்றத் தகடுகள் உருட்டித் தயாரித்தவை, அங்கே இந்த வேலை கூடாது.

வெல்டிங் தடத்துக்கு எம்-சீல் போதும். பிசைந்து, ஈரக் கையால் நூல் போல உருட்டி, தகடுகள் சேரும் இடுக்கில் பதித்து, மழுங்கிய கத்தி நுனியால் நெருக்கமாகப் பிறைப் பிறையாக அழுத்திக்கொண்டே போங்கள். கத்தியைத் தண்ணீரில் தொட்டுக்கொண்டால் ஒட்டாது. ஒரே நேரத்தில் கொஞ்சம்தான் பிசைய வேண்டும், சீக்கிரம் இறுகிவிடும்.

பின்பக்கம் பாலைவனத் தூசிக்காக வைத்த ஃபைஃபெல் காற்று வடிகட்டிகளும் அவற்றின் குழாய்களும் வரும். சால்டரிங் ஈயக் கம்பியின் மேல் மெல்லிய செம்புக் கம்பியை நெருக்கிச் சுற்றினால் வளையும் குழாய் தயார், வளைத்த இடத்தில் அப்படியே நிற்கும். டரட்டின் இரு பக்கமும் மும்மூன்று புகைக்குண்டுக் குழல்கள் வைக்க மறக்காதீர்கள். 131 வாங்கிய அடிகளையும் காட்டலாம். ஒரு குண்டு பீரங்கிக் குழாயில் பட்டுத் தெறித்து டரட் வளையத்தில் சிக்கியது, இன்னொன்று டரட்டைத் தூக்கும் கொக்கியில் பட்டது. சூடான ஊசியால் தோண்டி, ஓரத்தை லேசாகப் பிதுக்கி விட்டால் போதும்.

எல்லாம் ஓட்டிப் பார்த்துத் திருப்தியான பிறகு பெயின்ட். கடையில் கிடைக்கும் அடர் மஞ்சள் டைகர் நிறம் இதற்கு ஆகாது. துனிசியா வண்டிக்கு, ஆர்.ஏ.எல். என்ற ஜெர்மன் நிற எண் வரிசையில் 8000 என்ற மஞ்சள் பழுப்பு, அதன் மேல் ஆர்.ஏ.எல். 7008 திட்டுகள். இரண்டும் நெருங்கிய நிறங்கள், எல்லை பளிச்சென்று தெரியக் கூடாது. டரட்டில் 131 என்ற எண் சிவப்பு, வெள்ளை ஓரம். ஸ்டிக்கரை விட ஸ்டென்சில் வெட்டி, முதலில் வெள்ளையை அகலமாக அடித்துக் காய்ந்ததும் உள்ளே சிவப்பு அடிப்பது நல்லது. திருகாணித் தலைகளைப் பெயின்ட்டால் மூடிவிடாதீர்கள், மின்சுற்று போர்டையோ கியரையோ பார்க்க மேல் உடம்பைக் கழற்ற வேண்டிவரும்.