நெஃப்ரோடிக் குழந்தைக்கு வீட்டிலேயே யூரின் புரோட்டீன் பார்ப்பது எப்படி?

நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் (சிறுநீரகம் வழியாகப் புரதம் அதிகமாகக் கசியும் நோய்) உள்ள குழந்தைக்கு நோய் திரும்பும்போது, கண்ணைச் சுற்றி வீக்கம் தெரிவதற்கு முன்பே சிறுநீரில் புரதம் வெளியேற ஆரம்பித்துவிடும். அந்த இடைவெளியிலேயே பிடித்துவிடத்தான் இந்தக் காலைச் சோதனை. ஊசியும் இல்லை, ரத்தமும் இல்லை. ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் நிறைய ஊசி பார்த்த பிள்ளைக்கு இது பெரிய நிம்மதி.

மெடிக்கல் ஷாப்பில் புரோட்டீன் பார்க்கும் யூரின் ஸ்ட்ரிப் கேளுங்கள். கூடவே சுத்தமான, காய்ந்த சின்ன டப்பா, செகண்டு முள் உள்ள கடிகாரம், ஒரு நோட்டு.

1. தூங்கி எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைப் பிடியுங்கள். ஓடியாடி விளையாடிய பிறகு எடுத்தால் புரதம் கூடுதலாகக் காட்டலாம்.

2. ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்ததும் குப்பியை இறுக மூடுங்கள். ஈரக்காற்று பட்டால் மீதியெல்லாம் வீண். நிறக் கட்டங்களில் விரல் படக்கூடாது.

3. முக்கி உடனே எடுத்து, ஓரத்தை டப்பா விளிம்பில் வழித்துவிட்டு, படுக்கைவாக்கில் பிடியுங்கள்.

4. இதுதான் முக்கியமான இடம். பெரும்பாலான ஸ்ட்ரிப்களில் புரோட்டீனை 60 செகண்டில் பார்க்க வேண்டும். உங்கள் குப்பியில் போட்டிருப்பதையே பின்பற்றுங்கள். கட்டத்தில் உள்ள சாயம் புரதம் இல்லாவிட்டால் மஞ்சளாகவே நிற்கும். அல்புமின் என்ற புரதம் சேரச் சேரப் பச்சையாகி, நீலப்பச்சைக்குப் போகும். நல்ல வெளிச்சத்தில் குப்பியின் நிற அட்டையோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். பொதுவாக 1 பிளஸ் என்றால் டெசிலிட்டருக்கு 30 மில்லிகிராம், 2 பிளஸ் 100, 3 பிளஸ் 300. வேறு வேலை பார்த்துவிட்டு வந்து பார்க்கும் நிறத்தை நம்பாதீர்கள்.

5. தேதி, அளவு, அன்று கொடுத்த ஸ்டீராய்டு, சளி காய்ச்சல் இருந்ததா என்பதை அப்போதே எழுதுங்கள். மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று டாக்டர் முடிவெடுக்க இந்த நோட்டு ரொம்பவே உதவும்.

சரி, எப்போது கவலைப்பட வேண்டும்? காய்ச்சல் நாளில் ஒருமுறை 1 பிளஸ் வந்தால் பதற வேண்டாம், மறுநாளும் பாருங்கள். தொடர்ந்து 3 நாள் 3 பிளஸ் அல்லது அதற்கு மேல் வந்தால் நோய் திரும்பிவிட்டது என்று கணக்கு. தொடர்ந்து 3 நாள் புரதம் இல்லை அல்லது 'ட்ரேஸ்' (1 பிளஸுக்கும் குறைவான லேசான அளவு) மட்டும் என்றால் அடங்கிவிட்டது. ஸ்டீராய்டை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. வீக்கத்தோடு காய்ச்சலோ கடுமையான வயிற்றுவலியோ வந்தால் அந்த 3 நாளுக்குக் காத்திருக்காதீர்கள். வயிற்றுக்குள் தொற்று ஏறியிருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.